பிறட்வெல் கம்பனியின் சாதகம்

"பாதியைத்தானே விக்கச் சொல்லுறன். முழுக்க வித்துப்போட்டு றோட்டிலை நில்லுங்கோ எண்டு சொல்லேல்லையே."

"பாதியெண்டால் என்ன, காலெண்டால் என்ன. பிரிச்சால் பிரிச்சதுதான்."

"அப்ப இந்தப் பிள்ளை இப்பிடியே இருக்கட்டும் எண்டு எழுதித் தாங்கோ. முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ."

"உரத்துக் கதையாதையும், குணலட்சுமி. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் கிணற்றடியில் நின்று, ஏற்கெனவே நிரம்பியிருந்த வாளிக்குள் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே தென்னங்கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு, சின்ன ஓட்டை, உண்டு. அதை நான் போடவில்லை, எங்கள் கோழி போட்டது. நான் அடைக்காமல் விட்டேன், அவ்வளவுதான்.

இது 1986 மாசி மாதம், கோப்பாயில். சத்தம் போட்டவர் குணலட்சுமி. சத்தம் போடாமல் சண்டை பிடித்தவர் அவருடைய கணவர் சோமசேகரம். வாசற்படியில் குந்தியிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தவர் குணலட்சுமியின் தம்பி கனகலிங்கம். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்கி விற்கிறவர். சண்டையின் பொருளாகிய இராசமலர் உள்ளே இருந்து தட்டெழுத்து இயந்திரத்தில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். சண்டை முடியும் வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. ஒரு வரி முடிந்து மணி அடிக்கும், அடுத்த வரி தொடங்கும்.

விசயம் இதுதான். இராசமலருக்கு அப்போது இருபத்தாறு வயது. கொடிகாமத்தில் சீவரத்தினம் என்று ஒரு பெடியன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். என் அக்கா அங்கே கல்யாணம் முடித்தவள், அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பெடியனுக்கும் பிடித்தது, பெட்டைக்கும் பிடித்தது. கோயிலில் வைத்து ஒருவரையொருவர் காட்டியபோது இரண்டு பேரும் ஒரே தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும். அவர்கள் கேட்டது ஒரு வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் யார் கட்டி வைத்தார்கள். சோமசேகரம் குடும்பம் இருந்த வீடு குணலட்சுமியின் சீதனம். அதை மூத்த மகள் மகாதேவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் புருசனோடு கனடாவில். ஆகவே சொந்த வீட்டில் மகளின் குடியிருப்பாளர்களாகத்தான் இவர்கள் இருந்தார்கள். இளையவளுக்கு இனி ஒரு வீடு வாங்க வேண்டும். அடுத்த ஒழுங்கையில் சின்னாச்சியின் வீடு விலைக்கு வந்திருந்தது. அதற்குச் சோமசேகரம் தம்மிடம் உள்ள பங்குகளில் பாதியை விற்றால் போதும்.

பங்கு என்றால் காணிப் பங்கோ கிணற்றுப் பங்கோ அல்ல. கொழும்பில் பிறட்வெல் கம்பனி என்று ஒன்று இருந்தது. எனாமல் கோப்பை, எனாமல் வாளி, எனாமல் பேணி செய்கிற கம்பனி. சோமசேகரம் அங்கே முப்பத்தொரு வருசம் வேலை பார்த்துப் பெரிய ஸ்டோர்க்கீப்பராக ஓய்வு பெற்றவர். கம்பனி தன் ஆட்களுக்குப் பங்கு விற்றபோதெல்லாம் வாங்கினார். போனஸ் வந்தால் வாங்கினார். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாபப் பணத்தையும் கொண்டுபோய் அதற்குள்ளேயே போட்டார். மற்றவர்கள் தோட்டக்காணி வாங்கினார்கள், நகை வாங்கினார்கள், ஒருவர் சினிமாக் கொட்டகைகூட வாங்கினார். சோமசேகரம் பிறட்வெல் வாங்கினார்.

"அத்தான்," என்று கனகலிங்கம் வாசற்படியில் இருந்து தொடங்கினார். "நான் நூறு அந்தர் வெங்காயம் எடுத்தால் ஒரு பங்கை அண்டைக்கே லொறியிலை ஏத்திப்போடுவன். ஒரு பங்கைப் பிடி கட்டிக் கொட்டிலிலை தொங்க விடுவன். ஒரு பங்கை விதைக்கு விடுவன். விலை விழுந்தாலும் நான் விழமாட்டன்."

"வெங்காயம் அழுகும், தம்பி. பிறட்வெல் அழுகாது."

"எனாமல் கறள் பிடிக்கும், அத்தான். இப்ப ஆர் எனாமல் கோப்பையிலை சாப்பிடுகினம்? சந்தையிலை போய்ப் பாருங்கோ. எல்லாம் பிளாஸ்ரிக்."

"பிளாஸ்ரிக் ஒரு பத்து வருசம். பேந்து சனம் திரும்பி வரும்."

"சனம் திரும்பி வரேக்கை உங்கடை மகளுக்கு என்ன வயது?"

தட்டெழுத்து மணி அடித்தது.

அவரைக் குறை சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவருடைய நியாயங்களை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பல வருசமாகக் கேட்டவள் நான், எனக்கே பாடம். விலை இறங்கினால், இறங்கின நேரத்தில் யாராவது விற்பானா. விலை ஏறினால், ஏறுகிற நேரத்தில் யாராவது விற்பானா. அசையாமல் கிடந்தால், அது மூச்சு எடுக்கிறது, இப்போது தொடக்கூடாது. எழுபத்தெட்டாம் ஆண்டு ஒரு புதன்கிழமை அது உச்சத்துக்குப் போயிருந்தது. அந்தப் புதன்கிழமையில்தான் அவர் குடியிருந்தார். அதற்குக் குறைந்த எந்த விலையும் அவருக்கு விலையாகத் தெரியவில்லை. யாரோ தன் சட்டைப்பைக்குள் கை விட்டு எடுக்கிறதாகத் தெரிந்தது. வருசா வருசம் கம்பனி அனுப்புகிற அறிக்கைப் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மண்ணிறத் தாளில் உறை போட்டு வைத்திருந்தார். கம்பனிக்கு அவர் எழுதுகிற கடிதங்களைத்தான் இராசமலர் உள்ளே இருந்து அடித்துக்கொண்டிருந்தாள். வாளியின் கைபிடி பலமாக இருக்க வேண்டும், மூடியில் பூப்படம் பழசு, இப்படி யோசனைகள். கம்பனி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதும்.

மற்ற ஆட்களாக இருந்தால் இந்தளவோடு நின்றிருக்கும். சோமசேகரம் நிற்கவில்லை.

பெடியனுக்கும் பெட்டைக்கும் பொருத்தம் பார்க்க ஆழ்வாப்பிள்ளைச் சாத்திரியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பந்தம் கொண்டுவந்தவள் என்று நானும் போயிருந்தேன், அன்றைக்கு வேலியால் பார்க்க வேண்டி வரவில்லை. சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் விரித்துப் பத்துப் பொருத்தத்தில் ஏழு என்றார். எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அப்போது சோமசேகரம் சட்டைப்பைக்குள் இருந்து ஒரு கடுதாசித் துண்டை எடுத்து நீட்டினார்.

"இதுக்கும் ஒண்டு குறியுங்கோ."

சாத்திரியார் பார்த்தார். "1939, வைகாசி. ஆற்றை இது? உங்கடை தம்பியாற்றையோ?"

"இல்லை. ஒரு இதின்ரை."

"ஆணோ பெண்ணோ?"

"கம்பனி."

நான் சிரிப்பை அடக்க வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்திரியார் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்த மனிசன். சோமசேகரம் பங்குப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். கம்பனி பதியப்பட்ட திகதி அதில் அச்சடித்திருந்தது.

"நேரம்?" என்றார் சாத்திரியார்.

"கந்தோர் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்."

"ஒன்பதுக்கே பதிஞ்சிருப்பினமோ? பியோன் வந்து யன்னல் திறந்து, துரை வந்து தேத்தண்ணி குடிச்சு?"

"அப்ப ஒன்பதரை எண்டு போடுங்கோ."

ஒன்பதரை என்று போட்டார்கள். கட்டம் கீறி, விரல் மடித்து எண்ணிப் பார்த்துச் சாத்திரியார் சொன்னார்: பிறட்வெல் கம்பனி விருச்சிக இராசி. எண்பத்திரண்டில் இருந்து ஏழரைச் சனி நடக்கிறது. தொண்ணூறில்தான் விடும். அதுவரைக்கும் அதைப் பிரிக்கவோ கைமாற்றவோ கூடாது. மீறினால் செய்தவருக்குத்தான் தோஷம். சனி விட்ட பிறகு ஏறும் பாருங்கோ ஒரு ஏற்றம்.

"கேட்டீரோ," என்றார் சோமசேகரம் மனைவியைப் பார்த்து. அத்தனை வருசத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் கண்டதில்லை.

கொடிகாமத்துக்கு நான்தான் போய்ச் சொன்னேன். ஏழரைச் சனி என்றேன். பெட்டைக்கோ என்று சீவரத்தினத்தின் தாய் பயந்துபோய்க் கேட்டார். இல்லை, கம்பனிக்கு என்றேன். அவர், சரி, எங்கள் பெட்டைக்கும், இவன் தங்கச்சிக்கும், இன்னும் ஒன்றும் பொருந்தவில்லை, அவளை முடித்துவிட்டுத்தானே இவனுக்கு, பொறுப்போம் என்றார். இப்படி ஒரு கம்பனியின் சனிக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருக்கத் தொடங்கின.

சின்னாச்சியின் வீட்டை வங்கியில் வேலை செய்கிற ஒருவர் வாங்கினார். எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமி சண்டை பிடித்துக்கொண்டு கோப்பாய்க்குள் வந்தது. நாங்கள் எல்லோரும் கோயிலில் போய்க் கிடந்தோம். சோமசேகரம் பத்திரங்களை ஓர் எனாமல் வாளிக்குள் வைத்து, மேலே அரிசியைக் கொட்டிக் கொண்டுவந்திருந்தார். பசித்தபோது அந்த அரிசியைக் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். திரும்பி வந்தபோது சின்னாச்சியின் வீட்டுக் கூரையைக் காணவில்லை. குசினிச் சுவரும் இல்லை. ஷெல் விழுந்திருந்தது. வங்கிக்காரர் முற்றத்தில் நின்று ஓட்டுத் துண்டுகளை ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திராது.

சோமசேகரம் அந்த வீட்டைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு வந்து குணலட்சுமியிடம் மெதுவாகச் சொன்னார், "பாத்தீர்தானே. அதுதான் நாங்கள் வாங்கியிருக்க வேண்டிய வீடு."

அதற்குப் பிறகு இரண்டு வருசம் அந்த வீட்டில் சண்டை நடக்கவில்லை. எந்த வாயைத் திறந்து என்ன சொல்வது. மனிசன் சரியாகச் செய்ததாக ஷெல்லே வந்து சாட்சி சொல்லிவிட்டது. கனகலிங்கம் கூட ஒரு நாள் என்னிடம், "அத்தான் விசரன்தான், ஆனால் ராசியுள்ள விசரன், அக்கா," என்றார். அவருடைய வெங்காயத்தில் இரண்டு பங்கு அந்த ஐப்பசியில் போய்விட்டது. மூன்றாவது பங்கில்தான் திரும்ப எழும்பினார். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்திய ஆமி போனது. தொண்ணூறில் சனி மாறியது. சாத்திரியார் சொன்ன நாளில் சோமசேகரம் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்து, சித்திரை கழியட்டும், கொழும்புக்கு எழுதுகிறேன் என்றார். சித்திரை கழிந்து வைகாசியும் கழிந்தது. ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. ரெலிபோன் இல்லை, கறன்ட் இல்லை, தபால் வந்தால் வந்தது. ஆழ்வாப்பிள்ளைச் சாத்திரியார் வன்னிக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனார்.

இராசமலர் அப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் சீனி வந்தது என்று வரிசையில் நின்றேன். சீவரத்தினம் சைக்கிளில் வந்தான். அவனுடைய தங்கச்சியின் கல்யாணம் முடிந்து ஆறு மாதம். வரிசையில் நான் நாலாவது ஆள். காது முதலாவது ஆள்.

"இந்த வருசம் முடியுமோ?" என்றான் அவன்.

"சனி மாறீட்டுது எண்டு அப்பா சொல்லுறார்," என்றாள் அவள். "பாதைதான் மாறேல்லை."

"நீர் என்ன சொல்லுறீர்?"

அவள் தராசைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சீனியைத் திரும்ப எடுத்துச் சாக்குக்குள் போட்டாள். "ஆளுக்குக் கால் கிலோ. கூப்பன் காட்டைத் தாங்கோ."

அவன் கூப்பன் அட்டையைக் கொடுத்தான். கொடிகாமத்து அட்டைக்குக் கோப்பாய்ச் சங்கத்தில் சீனி கிடையாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருசம் கொழும்பில் இருந்து வந்த யாரோ சவர்க்காரம் சுற்றிக் கொண்டுவந்த பேப்பர் ஒன்று சோமசேகரத்தின் கைக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் பழசு. பங்கு விலைகள் போட்டிருந்த பக்கம். கொழும்பில் பங்கெல்லாம் பறக்கிற காலமாம். பிறட்வெல் அந்தப் புதன்கிழமை விலையைத் தாண்டிப் போய், அதைப்போல இரண்டு மடங்கில் நின்றது. சவர்க்கார மணத்தோடு அந்தப் பேப்பரை ஒழுங்கை முழுக்கக் காட்டினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"நான் என்ன சொன்னனான், நல்லம்மா."

"நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை. இனி விக்கலாம்தானே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மறுக்க அவரிடம் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. சனி போய்விட்டது. விலை வந்துவிட்டது. சீவரத்தினத்துக்கு முப்பத்தாறு, இராசமலருக்கு முப்பத்திரண்டு. அந்தக் கிழமையே சீவரத்தினத்தின் தாய் வந்து, ஆவணிக்குள் ஒரு முடிவு இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்ப்போம், குறை நினைக்க வேண்டாம் என்று குணலட்சுமியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே சோமசேகரம் கொழும்புக்குப் போவதென்று முடிவானது. பாதியை விற்பது, காசை மகாதேவியின் சிநேகிதி ஒருத்தியின் கணக்கில் போட்டுவிட்டு வருவது, கோப்பாயில் வீடு கட்ட ஒரு காணி பார்த்திருந்தது, அதற்குரியவர்களும் கொழும்பில்தான், அந்தக் கணக்கில் இருந்து அங்கேயே கொடுத்துவிடலாம். ஊரை ஆண்ட இயக்கத்திடம் வெளியே போகிற பாஸ் எடுக்க ஆள் பிணை வேண்டும் என்றார்கள். கனகலிங்கம் பிணை நின்றார். அறுபத்தாறு வயது மனிசன் கிளாலியால் வள்ளத்தில் ஏறிப் போனார். அந்தக் கடலில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். இராசமலர் அவருடைய பையைக் கொண்டுபோய் லொறியில் வைத்துவிட்டு வந்து சங்கக்கடைக்குப் போனாள்.

இருபத்து நாலு நாள். கனகலிங்கம் ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்து சைக்கிளில் வந்து, "வந்திட்டாரோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். பிணை நின்றவருக்கல்லவா பயம்.

இருபத்தைந்தாம் நாள் பின்னேரம் சோமசேகரம் வந்து சேர்ந்தார். முகம் கறுத்திருந்தது, கால் வீங்கியிருந்தது. நான் நெருப்புப்பெட்டி இரவல் கேட்கிற சாட்டில் போனேன். அந்த நாட்களில் தட்டுப்பாட்டால் நெருப்புப்பெட்டி ஒருவரும் இரவல் கொடுப்பதில்லை, அதனால் நிறைய நேரம் நின்று கேட்கலாம். கனகலிங்கமும் வந்துவிட்டார்.

சோமசேகரம் பையைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்னது?" என்றார் குணலட்சுமி.

"கேக். கம்பனிக்கு எழுபத்தைஞ்சு வருசம். பெரிய ஹோட்டலிலை கூட்டம். நான் போன கிழமைதான் நடந்தது. சேர்மன் மேடையிலை நிண்டு, யாழ்ப்பாணத்திலை இருந்து மிஸ்டர் சோமசேகரம் வந்திருக்கிறார், இந்தக் காலத்திலை கடல் கடந்து வந்திருக்கிறார் எண்டு சொல்ல, எல்லாரும் கை தட்டினவை. என்னை எழும்பி நிக்கச் சொன்னவை."

"சரி. வித்தாச்சோ?" என்றார் கனகலிங்கம்.

"எழுபத்தைஞ்சு வருசம் எண்டால் என்ன, தம்பி? கணக்குப் பார். பதினேழாம் ஆண்டு. முப்பத்தொன்பது இல்லை. முப்பத்தொன்பதிலை புதுச் சட்டம் வந்து எல்லாக் கம்பனியும் திரும்பிப் பதிஞ்சதாம். அந்தத் திகதியைத்தான் பத்திரத்திலை அடிச்சிருக்கினம். நான் சேர்மனிட்டையே கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்."

"அத்தான். வித்தனிங்களோ இல்லையோ?"

"எப்பிடி விக்கிறது? சாதகமே பிழை." அவர் எல்லோரையும் பார்த்தார். இதுகூட விளங்கவில்லையா என்கிற பார்வை. "ஆறு வருசமாய் வேறை ஆரோ ஒரு ஆளின்ரை சாதகத்தை வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறம். பிழையான சாதகத்தை நம்பி விக்கேலாது. சரியான திகதிக்குக் குறிப்பிச்சுப் பாத்துப்போட்டு, நல்லதெண்டால், அடுத்த முறை போய்..."

"அந்தப் பிழையான சாதகத்தை நம்பித்தானே இவ்வளவு நாளும் விக்காமல் இருந்தனிங்கள்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

குணலட்சுமி கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார். கனகலிங்கம் எழும்பிப் போய்ச் சைக்கிளை எடுத்து, ஏறாமல் உருட்டிக்கொண்டே ஒழுங்கையால் போனார். இராசமலர் குசினியில் இருந்து கத்தி கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்தாள். கேக் ஒரு பக்கம் நசுங்கி, மேலே ஐசிங்கில் எழுதியிருந்த எண்ணில் பாதி அட்டையில் ஒட்டியிருந்தது.

"கடல் தண்ணி படேல்லையோ அப்பா?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. மடியிலை வைச்சிருந்தனான்."

அவள் ஒரே அளவில் ஆறு துண்டு வெட்டினாள். ஒன்றைத் தாளில் சுற்றி என் கையில் தந்தாள். நல்ல கேக். அந்த வருசம் முழுக்க நான் முட்டை போட்ட கேக் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் நின்றே சாப்பிட்டு முடித்தேன். தின்னும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் சீவரத்தினம் தானே வந்தான், முதலில் எங்கள் வீட்டுக்கு. செய்தி எப்படியோ கொடிகாமத்துக்குப் போயிருந்தது. எப்படியோ என்றால், நான் என் அக்காவுக்கு எழுதியிருந்தேன்.

"அக்கா, நீங்கள் போய்ச் சொல்லுங்கோ," என்றான். "வீடு வேண்டாம். விக்கவும் வேண்டாம். அந்த ஷெயரிலை பாதியை இருக்கிறபடியே அவவின்ரை பேருக்கு மாத்தி எழுதட்டும். என்ரை பேருக்குக்கூட வேண்டாம். அம்மாவை நான் சமாளிப்பன்."

நான் ஓடித்தான் போனேன். இனி ஒரு தடையும் இல்லை என்று நினைத்தேன். பங்கு விற்பனையாவதில்லை, வெளியாருக்குப் போவதில்லை, பிறட்வெல் பிறட்வெல்லாகவே மகளின் பெயரில் இருக்கும். இதைவிட ஒரு மனிசனுக்கு என்ன வேண்டும்.

சோமசேகரம் கேட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு வைத்திருந்த ஜாம் போத்தல் விளக்கின் திரியைத் தட்டிச் சரி செய்தார். பகல் நேரம், விளக்கு எரியவில்லை.

"பாதியைக் குடுத்தால்," என்றார், "பிறகு அவையின்ரை பங்குகாரர் லிஸ்றிலை நான் எத்தனையாம் ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ, நல்லம்மா? இப்ப பன்னிரண்டாம் ஆள். கம்பனி முதலாளி வீட்டு ஆக்களையும் பாங்குகளையும் விட்டால் மூண்டாம் ஆள். சேர்மன் மேடையிலை வைச்சுச் சொன்னது."

"மகளுக்குத்தானே அண்ணை."

"மகளுக்குத்தான். எல்லாம் அவளுக்குத்தானே, நான் என்ன கொண்டுபோகவோ போறன். ஆனால் இப்ப பிரிக்கக் கூடாது. ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்கோ. உரும்பிராயிலை ஒரு சாத்திரியார் இருக்கிறாராம். பதினேழாம் ஆண்டுத் திகதிக்கு ஒருக்காப் பாப்பம்."

இராசமலர் கதவு நிலையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவள் ஏதாவது சொன்னால் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவன் எங்கள் வீட்டு விறாந்தையில் சைக்கிள் கிளிப்பைக் கழற்றாமல் காத்துக்கொண்டிருந்தான்.

"அவர் வெயிலுக்கை வந்திருப்பார். தண்ணி குடுத்தனிங்களோ, அக்கா?" என்றாள்.

"குடுத்தன்."

"அப்ப சரி," என்றாள்.

நான் வந்து அவனிடம் ஒரு மாதம் என்றேன். அவன் தலையாட்டினான். எந்த மாதம் என்று கேட்கவில்லை.

உரும்பிராய்ச் சாத்திரியார் பிறட்வெல்லுக்கு மகர இராசி என்றார். அப்படியானால் ஏழரைச் சனி முடியவில்லை, நடுவில் நிற்கிறது, தொண்ணூற்றாறு வரைக்கும் போகும். சோமசேகரம் இதை வேலிக்கு மேலால் என்னிடம் சொன்னபோது குரலில் கவலை இருந்தது. கண்ணில் இருக்கவில்லை.

அடுத்த ஆவணியில் சீவரத்தினத்துக்குக் கல்யாணம் நடந்தது. பெண் என் அக்காவின் மகள் பராசக்தி. கொடிகாமத்தில் வீடும் கிணறும் அவள் பெயரில் இருந்தன. அக்கா என்னிடம் கேட்டபோது நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குக் குணலட்சுமி வந்தார், சாப்பிட்டார், மொய் எழுதினார். சோமசேகரம் வரவில்லை, கால் வீக்கம் என்றார்கள். இராசமலர் சங்கக்கடையில் இருந்து நேரே வந்து, பரிமாறும்போது என்னோடு நின்று இலைக்கு உப்பு வைத்துக்கொண்டு போனாள். ஒரு இலையையும் தவறவிடவில்லை. மாப்பிள்ளையின் இலைக்கும் வைத்தாள்.

தொண்ணூற்று நாலில் இராசமலர் பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போனாள். இந்த முறையும் கனகலிங்கம்தான் பிணை. கம்பனிப் பங்கு விசயமாகப் போகிறாள் என்று தகப்பன் ஊருக்குச் சொன்னார். அவள் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளவத்தையில் பெண்கள் விடுதி ஒன்றில் இருந்து, ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தாள். கொழும்பில் பங்கு விலைகள் அதற்கிடையில் விழத் தொடங்கிவிட்டன என்று கேள்வி. இறங்கின நேரத்தில் யாராவது விற்பானா என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு நாள் கேட்டது. குணலட்சுமி கிணற்றடியில் நின்றார்.

அவள் திரும்பாததற்கு இயக்கத்திடம் பிணைக் காசு கட்டின கனகலிங்கம் வெங்காயத்தை விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போய் அங்கே அரிசி மொத்தக் கடையும் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையும் போட்டார். மகாதேவி கனடாவில் புருசனைப் பிரிந்துவிட்டாள் என்று ஒரு கதை. அதை நான் முழுக்க விசாரிக்கவில்லை, கடிதம் நின்றுவிட்டது. தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்கவும் ஒரே பின்னேரத்தில் இடம்பெயர்ந்து எழும்பியபோது நாங்களும் எழும்பிக் கொடிகாமத்துக்கு வந்தோம். நான் பராசக்தி வீட்டில். அவளுக்கு இப்போது ஒரு பெட்டை, ஒரு பெடியன் கைக்குழந்தை. சோமசேகரமும் குணலட்சுமியும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் இருந்தார்கள். சீவரத்தினம் போய்ப் பார்த்து, மூன்றாம் நாள் அவர்களையும் கூட்டிவந்து பின் அறையை ஒதுக்கிக் கொடுத்தான். பராசக்தி இரண்டு தலையணை கொண்டுவந்து போட்டாள்.

மார்கழியில் செஞ்சிலுவைக்காரர் மூலம் இராசமலரின் கடிதம் ஒன்று வந்தது, இரண்டு மாதம் பழசு. குணலட்சுமி கண்ணாடியைக் கோப்பாயில் விட்டுவிட்டு வந்ததால் நான்தான் வாசித்தேன். மார்க்கண்டு என்று ஓர் ஆள், அச்சகம் ஒன்றில் புரூப் பார்க்கிறவர், மனிசி செத்துப்போய் நாலு வருசம், ஏழு வயதில் ஒரு பெட்டை. அவருக்கும் இராசமலருக்கும் புரட்டாதி பதினொன்றில் பதிவுத் திருமணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து வைத்தவர்கள் சட்டத்தரணியும் விடுதிக்காரியும். சாதகம் பார்க்கவில்லை. இப்போது தெகிவளையில் ஒரு வாடகை அறையில் மூன்று பேரும் இருக்கிறார்கள், கிழமைக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் வருகிறதாம்.